சர்ரே ஹில்ஸ் சேற்றில் நண்பர்களோடு மவுண்டன் பைக்: கிளம்புவதிலிருந்து கழுவி வைப்பது வரை

நவம்பர் முதல் மார்ச் வரை லண்டனுக்குத் தெற்கே இருக்கும் சர்ரே ஹில்ஸ் காட்டுத் தடங்கள் பெரும்பாலும் ஈரமாகவே கிடக்கும். அந்த மாதங்களில் நான்கைந்து நண்பர்களாகச் சேர்ந்து மவுண்டன் பைக் ஓட்டப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கோடையில் ஓரிரு முறை காட்டுத் தடத்தில் ஓட்டியிருக்கிறீர்கள், கையில் சாதாரண ஹார்ட்டெயில் (முன்பக்கம் மட்டும் அதிர்வு தாங்கும் ஃபோர்க் உள்ள) சைக்கிள் இருக்கிறது, சேற்றில் மட்டும் இன்னும் இறங்கியதில்லை என்றால் இது உங்களுக்குத்தான்.

மிதித்துக்கொண்டிருக்கும் வரை யாருக்கும் பெரிதாகக் குளிராது. 4 டிகிரியில், நனைந்த உடையோடு, ஒருவருடைய டியூபை மாற்றுவதற்காக எல்லோரும் இருபது நிமிடம் நிற்கும்போதுதான் சவாரி கெட்டுப்போகிறது. விரல்கள் மரத்துப்போகும். மரத்த விரலுக்குப் பிரேக் பிடிபடாது. அடுத்த இறக்கத்தில் யாராவது விழுவார்கள். வழியில் நிற்கவைக்கும் காரணங்களை வீட்டிலேயே ஒவ்வொன்றாக நீக்கிவிட வேண்டும். கீழே உள்ள படிகளின் வரிசை அதை வைத்துத்தான் அமைந்திருக்கிறது.

1. மண்ணைப் பார்த்து இடத்தை முடிவு செய்யுங்கள்

தடம் எவ்வளவு நீளம், காட்சி எப்படி என்பதெல்லாம் அப்புறம். குளிர்காலத்தில் முதலில் பார்க்க வேண்டியது அடியில் இருக்கும் மண்.

லீத் ஹில் (294 மீட்டர்), ஹோம்பரி ஹில் (261 மீட்டர்), பிட்ச் ஹில் (257 மீட்டர்) மூன்றும் ஒரே மணற்பாறை முகட்டில் வரிசையாக இருக்கின்றன. இந்த மணல் தண்ணீரைச் சீக்கிரம் கீழே இறக்கிவிடும். எனவே புதியவர்களை அழைத்துப் போக இந்த முகடுதான் நல்லது. பீஸ்லேக் கிராமத்திலிருந்து தொடங்கினால் ஹோம்பரி, பிட்ச் இரண்டும் பக்கத்திலேயே இருக்கும்.

வடக்கே பாக்ஸ் ஹில், ரான்மோர் பக்கம் போனால் சுண்ணாம்புப் பாறை. நனைந்த சுண்ணாம்பில் எந்த டயருக்கும் பிடிப்புக் கிடைக்காது. அதோடு கூர்மையான சிக்கிமுக்கிக் கற்கள் மண்ணோடு கலந்து கிடக்கும். அவை டயரின் பக்கச் சுவரைக் கிழித்துவிடும். முகட்டுக்குத் தெற்கே சமவெளியில் இறங்கினால் களிமண். அது டயரில் அப்பி, ஃபிரேமுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் சேர்ந்து, கடைசியில் சக்கரத்தைச் சுற்றவே விடாது. ஜனவரியில் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

சவாரி நாளின் வானிலையை மட்டும் பார்ப்பது புதியவர்கள் எல்லோரும் செய்கிற தவறு. அதற்கு முந்தைய மூன்று நாட்களில் எவ்வளவு மழை பெய்தது என்று பாருங்கள். மழை பெய்துகொண்டிருக்கும்போது சேறு தண்ணீராக ஓடும், டயரில் ஒட்டாது. மழை நின்று ஓரிரு நாள் காய்ந்த பிறகு பிசுபிசுக்கும் சேறுதான் அதிகம் படுத்தும்.

உறைபனி இருக்கும் காலையில் நிலம் கெட்டியாக இருக்கும். ஓட்ட மிகவும் நன்றாக இருக்கும். ஆனால் வெயில் பட்டு மேலே ஓரங்குலம் மட்டும் இளகினால் அடியில் பனி, மேலே சகதி என்றாகிவிடும். தடம் அதிகம் சிதைவதும் அப்போதுதான். அப்படிப்பட்ட நாளில் முன்னதாகவே தொடங்கி, இளகுவதற்குள் முடித்துவிடுங்கள்.

இன்னொன்று, இங்கிலாந்தில் எல்லாப் பாதையிலும் சைக்கிள் ஓட்டக் கூடாது. மஞ்சள் அம்புக்குறி போட்டது ஃபுட்பாத், நடப்பவர்களுக்கு மட்டும். நீல அம்புக்குறி போட்டது பிரைடில்வே. அதில் சைக்கிளுக்கு அனுமதி உண்டு, ஆனால் நடப்பவருக்கும் குதிரையில் வருபவருக்கும் நாம் வழிவிட வேண்டும். இதை முதல் நாளே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். காட்டுக்குள் நின்று சந்தேகப்படுவதும் ஒரு நிறுத்தம்தான்.

2. தூரத்தைப் பாதியாக்குங்கள், காலையிலேயே தொடங்குங்கள்

கோடையில் 30 கிலோமீட்டர் ஓட்டுகிற கூட்டம் சேற்றில் 15 கிலோமீட்டர் ஓட்டினால் போதும். ஒவ்வொரு மிதிக்கும் சேறு எதிர்ப்புக் கொடுக்கிறது, சைக்கிளின் எடையும் ஏறிக்கொண்டே போகிறது. தூரம் குறைந்தாலும் உடம்புக்கு வேலை குறையாது.

டிசம்பர் கடைசியில் இங்கே மாலை நான்கு மணி வாக்கிலேயே சூரியன் மறைந்துவிடும். பைன் மரங்களுக்கு அடியில் அதற்கும் அரை மணி நேரம் முன்பே இருட்டு. காலை ஒன்பதரைக்குத் தொடங்கி ஒன்றரைக்கு முடிப்பதாகத் திட்டமிட்டால், ஏதாவது உடைந்தாலும் இரண்டு மணி நேரம் கையில் மிச்சம் இருக்கும். அந்த மிச்சத்தை வேறு எதற்கும் செலவு செய்யாதீர்கள்.

பாதையை ஒரே நீண்ட வட்டமாகப் போடாமல், தொடங்கிய இடத்துக்குப் பக்கத்தில் திரும்ப வந்து போகும் இரண்டு சிறு வட்டங்களாகப் போடுங்கள். களைத்தவர் முதல் வட்டத்தோடு காருக்குப் போய்விடலாம். மற்றவர்கள் சவாரியைத் தொடரலாம். புதியவர்கள் இருக்கும் கூட்டத்துக்கு இதைவிடப் பயனுள்ள ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

ரயிலில் வருகிறவர்கள் வாட்டர்லூ அல்லது விக்டோரியாவிலிருந்து டார்க்கிங் வரலாம். கில்ஃபர்டில் மாறி கோம்ஷால் வந்தால் பீஸ்லேக் இன்னும் பக்கம். திரும்பும்போது சைக்கிளில் உள்ள சேறு ரயில் பெட்டியில் விழாமல் துடைக்க ஒரு பழைய துணி எடுத்துக்கொள்ளுங்கள்.

3. நான்கு முதல் ஆறு பேர், ஒருவர் கடைசியில்

மூன்று பேருக்குக் குறைந்தால், ஒருவருக்கு அடிபட்டபோது பக்கத்தில் இருக்க ஒருவர், உதவி தேடிப் போக ஒருவர் என்று பிரிய முடியாது. ஆறு பேருக்கு மேல் போனால் ஒவ்வொரு முனையிலும் காத்திருக்கும் நேரம் நீளும்.

கிளம்பும் முன்பே இரண்டு பேரை முடிவு செய்யுங்கள். பாதை தெரிந்தவர் முன்னால். பழுதுபார்க்கத் தெரிந்தவர் கடைசியில். பழுது எப்போதும் பின்னால்தான் நடக்கும். முன்னால் போன மெக்கானிக் சேற்றில் திரும்பி ஏறி வருவதற்குள் எல்லோரும் விறைத்துவிடுவார்கள்.

புதியவர் பின்தங்கினால் சங்கடப்பட்டு, “நீங்க போங்க, நான் மெதுவா வரேன்” என்பார். அதைக் கேட்டுக்கொண்டு போய்விடாதீர்கள். கடைசி ஆள் அவருக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும். எப்போதும், விதிவிலக்கே இல்லாமல்.

4. சைக்கிளை இரண்டு நாள் முன்பே பாருங்கள்

முதல் நாள் இரவு பார்த்தால், குறை தெரிந்தாலும் கடை திறந்திருக்காது. அதனால்தான் இரண்டு நாள்.

டயர். சேற்றுக்கான டயரில் ரப்பர்க் கட்டைகள் உயரமாகவும் தள்ளித் தள்ளியும் இருக்கும். நெருக்கமான கட்டைகள் இருந்தால் சேறு நடுவில் அடைத்துக்கொண்டு டயர் மொழுக்கென்று ஆகிவிடும். புது டயர் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் முன் சக்கரத்துக்குப் போடுங்கள். பின் சக்கரம் வழுக்கினால் சமாளிக்கலாம். முன் சக்கரம் வழுக்கினால் கீழே விழுவது நிச்சயம். ரொம்ப அகலமான டயரும் வேண்டாம்; ஃபிரேமுக்கும் டயருக்கும் நடுவில் விரல் நுழையும் இடமாவது இருந்தால்தான் சேறு வெளியேறும்.

காற்று. கோடையில் வைப்பதைவிட 2 முதல் 3 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) குறையுங்கள். 75 கிலோ எடையுள்ளவர், 2.4 அங்குல டியூப்லெஸ் (உள்ளே டியூப் இல்லாத) டயர் என்றால் முன்னால் 20 முதல் 22, பின்னால் 23 முதல் 25 என்று தொடங்கலாம். டயர் கொஞ்சம் தட்டையாகி வேர்களை அணைத்துப் பிடிக்கும். டியூப் போட்ட டயரில் இவ்வளவு குறைக்கக் கூடாது. கல்லில் இடித்தால் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் டியூப் நசுங்கி இரண்டு ஓட்டை விழும். குளிர்காலத்துக்காக ஒரே ஒரு மாற்றம் செய்ய நினைத்தால் டியூப்லெஸுக்கு மாறுங்கள். முள் குத்தினாலும் உள்ளே இருக்கும் சீலன்ட் என்ற திரவம் ஓட்டையை அடைத்துவிடும், அத்தனை பேரும் நிற்க வேண்டியதில்லை. சீலன்ட் காய்ந்துவிட்டதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிரேக் பேட். இதைத்தான் அதிகம் பேர் பார்க்காமல் விடுகிறார்கள். சர்ரேயின் மணல் கலந்த சேறு, பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் புகுந்து உப்புத்தாள் தேய்ப்பதுபோல் தேய்த்துவிடும். ஆர்கானிக் அல்லது ரெசின் என்று சொல்லப்படும் மென்மையான பேட் பாதி தேய்ந்திருந்தால் ஒரே சவாரியில் தீர்ந்துபோகலாம். உலோகத் தூள் கலந்த சின்டர்ட் பேட் அதிக நாள் உழைக்கும், கொஞ்சம் சத்தம் போடும். உங்கள் டிஸ்க்கில் ‘ரெசின் பேட் ஒன்லி’ என்று எழுதியிருந்தால் மட்டும் சின்டர்ட் போடாதீர்கள், டிஸ்க் கெட்டுவிடும். புதுப் பேட் போட்டால் காட்டுக்குப் போகும் முன்பே தெருவில் கொஞ்சம் வேகமாக ஓட்டி, நிற்கும் அளவுக்கு மெதுவாகும்வரை அழுத்திப் பிடித்து விடுவதை இருபது தடவை செய்யுங்கள். அப்படிப் பதியவைக்காத பேட் முதல் இறக்கத்தில் பிடிக்காது.

செயின். முதலில் துடைத்து, ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு சொட்டு வீதம் வெட் லூப் (ஈரத்துக்கான செயின் எண்ணெய்) விட்டு, இரவு ஊறவிட்டு, வெளிப்புறத்தை நன்றாகத் துடைத்துவிடுங்கள். வெளியே எண்ணெய் மிஞ்சினால் மணல் அதில்தான் ஒட்டும். கோடைக்கான டிரை லூப் முதல் குட்டையிலேயே கழுவிக்கொண்டு போய்விடும்.

மட்கார்டு. முன் ஃபோர்க்கில் ஜிப் டையால் கட்டும் பிளாஸ்டிக் தகடு போதும். முன் சக்கரம் எறியும் சேறு நேராகக் கண்ணுக்கு வரும். கண்ணில் மணல் விழுந்தால் அங்கேயே நிற்க வேண்டியதுதான். பின் மட்கார்டு இருந்தால் இடுப்புக்குக் கீழே நனையாது. நனைந்த சீட்டில் உட்கார்ந்து ஓட்டினால் சீக்கிரம் குளிரெடுக்கும்.

பெடல். சேற்றில் புதியவர்கள் தட்டைப் பெடல் போடுவதே நல்லது. அடிக்கடி கால் ஊன்ற வேண்டியிருக்கும். ஷூவைப் பூட்டிக்கொள்ளும் கிளிப் பெடலில் சேறு அடைத்தால் மாட்டவும் வராது, கழற்றவும் வராது.

5. உடை: பருத்தி வேண்டவே வேண்டாம்

பருத்தி தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும், நின்றவுடன் உடம்புச் சூட்டை உறிஞ்சும். டி-ஷர்ட், ஜீன்ஸ், பருத்தி சாக்ஸ், உள்ளாடை எல்லாமே இதில் அடக்கம். உடம்பை ஒட்டி மெரினோ கம்பளி அல்லது செயற்கை இழை பனியன், அதற்கு மேல் மெல்லிய முழுக்கைச் சட்டை, அதற்கு மேல் தண்ணீர் புகாத ஜாக்கெட். அவ்வளவுதான்.

சூடான ஊரிலிருந்து வந்தவர்கள் குளிருக்குப் பயந்து மூன்று ஸ்வெட்டர் போட்டு வருவதைப் பார்க்கிறேன். முதல் ஏற்றத்தில் வேர்த்துக் கொட்டும், அந்த வேர்வையே அடுத்த நிறுத்தத்தில் குளிராகத் திரும்பும். தொடங்கும் இடத்தில் நிற்கும்போது லேசாகக் குளிர வேண்டும். பத்து நிமிடம் மிதித்ததும் சரியாகிவிடும்.

கையுறை இரண்டு ஜோடி. ஒரு ஜோடி கையில், இன்னொன்று பிளாஸ்டிக் பையில் கட்டி முதுகுப் பையில். பாதி வழியில் உலர்ந்த கையுறைக்கு மாறியவுடன் பிரேக் பிடிக்கும் பலம் திரும்ப வரும். தண்ணீர் புகாத சாக்ஸுக்குச் செலவழிக்கும் பணமும் வீண்போகாது. அதை பேன்ட்டுக்குள் விட்டுக்கொள்ளுங்கள். மேல்பக்கமாகத் தண்ணீர் இறங்கினால் அது உள்ளேயே தேங்கிக் கிடக்கும்.

கண்ணுக்குக் கறுப்பில்லாத, தெளிவான கண்ணாடி.

6. சாமான்களை ஆளுக்கு ஆள் பிரியுங்கள்

எல்லாக் கருவியும் ஒருவர் பையில் இருந்தால், அவர் முன்னால் போன சமயத்தில் பின்னால் இருப்பவரிடம் எதுவும் இருக்காது. அவரவர் சைக்கிளுக்கு மட்டுமே பொருந்தும் சாமானை அவரவர்தான் கொண்டுவர வேண்டும்: தன் சக்கர அளவுக்கான டியூப், தன் டெரெய்லர் ஹேங்கர் (பின் கியர் மாற்றியை ஃபிரேமோடு பிடித்திருக்கும் சிறு உலோகத் துண்டு), தன் செயினுக்கான குயிக் லிங்க் (அறுந்த செயினை இணைக்கும் கண்ணி). 11 ஸ்பீடு லிங்க் 12 ஸ்பீடு செயினுக்கு ஆகாது. ஹேங்கரும் மாடலுக்கு மாடல் வேறு. சேற்றில் ஒரு குச்சி டெரெய்லரில் சிக்கி ஹேங்கர் உடைவது சாதாரணமாக நடக்கிறது. அது கையில் இல்லையென்றால் அன்றைய சவாரி அதோடு முடிந்தது.

பொதுவானவற்றைப் பகிர்ந்துகொள்ளலாம். கடைசி ஆளிடம் மல்டி டூல், செயின் டூல், பம்ப், டியூப்லெஸ் பிளக் (டயர் ஓட்டையில் செருகும் அடைப்பு), டயர் லீவர், கொஞ்சம் டேப், ஜிப் டை. இன்னொருவரிடம் முதலுதவிப் பை, உடம்புச் சூட்டைக் காக்கும் வெள்ளிப் போர்வைப் பை, விசில். எல்லோரிடமும் ஒரு சிறு விளக்கு இருக்கட்டும், மதியமே முடியும் சவாரியாக இருந்தாலும்.

போனை உள் பாக்கெட்டில், உடம்புக்கு ஒட்டி வையுங்கள். குளிரில் பேட்டரி திடீரென்று அணைந்துவிடும். வரைபடத்தை முன்பே இறக்கி வையுங்கள், பள்ளங்களில் சிக்னல் கிடைக்காது. 999 என்ற அவசர உதவி எண்ணுக்கு ‘ரெஜிஸ்டர்’ என்று ஆங்கிலத்தில் குறுஞ்செய்தி அனுப்பிப் பதிவு செய்துவைத்தால், பேச முடியாத அளவுக்குச் சிக்னல் குறைந்த இடத்திலிருந்தும் செய்தி மூலம் உதவி கேட்கலாம். இதை வீட்டிலேயே செய்து முடியுங்கள்.

7. சாப்பாடு: கையுறையோடு சாப்பிடக் கூடியது

பொட்டலம் பிரிக்கக் கையுறையைக் கழற்றினால் கை குளிர்ந்துவிடும். அதனால் எள்ளுருண்டை, கடலை மிட்டாய், பேரீச்சம்பழம் மாதிரி ஒரே வாயில் போடக் கூடியவற்றை முன்பே பிரித்து ஒரு சிறு டப்பாவில் போட்டு வாருங்கள். லண்டன் தமிழ்க் கடைகளில் எல்லாம் கிடைக்கும். முக்கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை கொஞ்சம் சாப்பிடுங்கள், பசிக்கும்வரை காத்திருக்காதீர்கள். வயிறு காலியானால் உடம்பு சூட்டைத் தாங்கி வைக்காது.

தண்ணீர் பாட்டிலின் வாய்க்கு மூடி கட்டாயம் வேண்டும். தடத்தில் இருக்கும் சேற்றில் குதிரைச் சாணமும் எலி மூத்திரமும் கலந்திருக்கும். எலிக்காய்ச்சல் பரவுவது அப்படித்தான், வயிற்றுப்போக்கும் வரும். மூடியில்லாத பாட்டில் என்றால் முதுகுப் பைக்குள் வையுங்கள்.

ஒரு ஃபிளாஸ்க் இஞ்சி டீ போட்டுக் காரில் வைத்துவிட்டுப் போங்கள். அது முடித்து வந்த பிறகு குடிப்பதற்கு.

8. தொடங்கும் இடத்தில் பத்து நிமிடம்

எல்லோரும் வந்து சேர்ந்ததும் முதலில் பிரேக்கைப் பிடித்துத் தள்ளிப் பாருங்கள். பிறகு ஆக்ஸில் இறுகியிருக்கிறதா, ஹேண்டில்பார் நேராக இருக்கிறதா, காற்று சரியா. காரில் ஏற்றக் கழற்றிய முன் சக்கரத்தைச் சரியாக இறுக்காமல் கிளம்புகிறவர்கள் உண்டு.

பாதையை வாயால் ஒரு தடவை சொல்லுங்கள்: எங்கே நிற்போம், எங்கே திரும்பலாம், பிரிந்துவிட்டால் எங்கே சேருவோம். வீட்டில் இருக்கும் ஒருவருக்குப் பாதையையும் திரும்பும் நேரத்தையும் அனுப்பிவிட்டுக் கிளம்புங்கள்.

9. சேற்றில் ஓட்டுவது

முதல் அரை மணி நேரம் மெதுவாக ஓட்டி, இன்றைக்கு மண் எவ்வளவு பிடிக்கிறது என்று பாருங்கள். முன் பிரேக்கையும் பின் பிரேக்கையும் தனித்தனியாக லேசாகப் பிடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். நேற்று இருந்த மாதிரி இன்று இருக்காது.

ஏற்றம். உட்கார்ந்தே ஏறுங்கள். எழுந்து நின்று மிதித்தால் பின் சக்கரத்தின் மேல் இருக்கும் எடை போய்விடும், சக்கரம் அங்கேயே சுற்றும். மார்பைத் தாழ்த்தி, சீட்டின் முன்முனையில் உட்கார்ந்து, ஒரே சீராக மிதியுங்கள். கியரை ஏற்றம் தொடங்கும் முன்பே மாற்றிவிடுங்கள். அழுத்தி மிதிக்கும்போது கியர் மாற்றினால், மணல் ஏறிய செயின் பல்லில் சிக்கிப் பின்னால் இழுத்துக்கொள்ளும். சக்கரம் சுற்றத் தொடங்கிவிட்டால் இறங்கித் தள்ளுங்கள். சேற்றில் தள்ளுவது பல சமயம் மிதிப்பதைவிட வேகம்.

குட்டை. சுற்றிப் போகாமல் நடுவில் போங்கள். எல்லோரும் ஓரமாகச் சுற்றிப் போனால் தடம் அகன்று அகன்று, ஒற்றையடிப் பாதை மாட்டு வண்டிப் பாதையாகிவிடும். தடம் போட்டுப் பராமரிப்பவர்கள் தன்னார்வலர்கள். அவர்கள் உழைப்பு அப்படித்தான் வீணாகிறது. குட்டையின் அடி பெரும்பாலும் ஓரத்தைவிடக் கெட்டியாகவும் இருக்கும். ஆழம் தெரியாத குட்டையில் மட்டும் முன் சக்கரத்தை லேசாக்கி, மிதிப்பதை நிறுத்தாமல் மெதுவாகக் கடந்துவிடுங்கள்.

சக்கரப் பள்ளம். பல பேர் ஓட்டிய இடத்தில் ஆழமான கோடு விழுந்திருக்கும். அதில் இறங்கிவிட்டால் வெளியே வரச் சண்டை போடாதீர்கள். ஹேண்டில்பாரைத் தளர்வாகப் பிடித்து, பள்ளம் முடியும் இடத்தையே பாருங்கள், சக்கரம் தானாகப் போகும். சக்கரத்தைக் குனிந்து பார்த்தால் பக்கச் சுவரில் உரசி விழுவீர்கள். பெடல் இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்கட்டும். கீழே இருக்கும் பெடல் பள்ளத்தின் விளிம்பில் இடிக்கும்.

வேர். ஈரமான வேர்தான் இந்தக் காட்டில் அதிகம் பேரை விழவைப்பது. நவம்பரில் உதிர்ந்த இலை அதை மூடியும் வைத்திருக்கும். மரத்துக்குப் பக்கத்தில் இலை மேடாகத் தெரிந்தால் அடியில் வேர் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வேரைக் குறுக்காக, செங்கோணத்தில் கடக்க வேண்டும். வேருக்கு முன்பே பிரேக் பிடித்து முடித்து, வேரின் மேல் பிரேக்கைத் தொடாமல், திருப்பாமல், மிதிக்காமல் உருண்டு போங்கள். வேருக்குப் பிடிப்பே கிடையாது. அதன் மேல் நீங்கள் என்ன செய்தாலும் சக்கரம் வழுக்கும். சரிவாகப் பக்கவாட்டில் ஓடும் வேர்க்கூட்டம் வந்தால் இறங்கி நடங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

இறக்கம். இங்கே புதியவர்கள் பயத்தில் பின்னால் சாய்ந்துவிடுகிறார்கள். சாய்ந்தால் முன் சக்கரத்தில் எடை இல்லாமல் அது இஷ்டத்துக்குப் போகும். குதிகாலைத் தாழ்த்தி, முழங்கை மடக்கி, உடம்பின் எடையைச் சைக்கிளின் நடுவிலேயே வையுங்கள். சீட்டைத் தாழ்த்த மறக்காதீர்கள். ஒரு விரலால் பிரேக், இரண்டு பிரேக்கும் லேசாக, நேராகப் போகும் இடத்தில் மட்டும். பூட்டிக்கொண்ட சக்கரம் சேற்றில் நிற்காது, சறுக்கிக்கொண்டே போகும். சறுக்கினால் பிரேக்கை விடுங்கள். கை இறுக்கப் பார்க்கும். அதனால் சமமான புல்வெளியில் வேண்டுமென்றே பின் சக்கரத்தைச் சறுக்கவிட்டு, பிரேக்கை விடப் பழகுங்கள். சேற்றில் ஓட்டக் கற்றுக்கொள்வதில் பாதி அதுதான்.

இடைவெளி. முன்னால் போகிறவர் விழுந்தால் நிற்க உங்களுக்குச் சேற்றில் கோடையைவிட இரண்டு மடங்கு இடம் வேண்டும். இறக்கங்களில் முன்னவர் கண்ணில் இருந்து மறைந்த பிறகு தொடங்குங்கள்.

10. நிற்கும்போது

காற்று அடிக்கும் முகட்டில் நிற்காதீர்கள். ஹோம்பரி உச்சியில் காட்சி நன்றாகத்தான் இருக்கும். படம் எடுத்துவிட்டு மரங்களுக்குள் இறங்கி அப்புறம் நில்லுங்கள். முனைகளில் நிற்பது இரண்டு நிமிடம். கடைசி ஆள் வந்து சேர்ந்ததும் உடனே கிளம்பாமல், அவருக்கும் ஒரு நிமிடம் கொடுங்கள். முன்னவர்கள் இளைப்பாறிவிட்டு, பின்னவர் வந்தவுடன் கிளம்பினால், அதிகம் களைத்தவருக்கு மட்டும் ஓய்வே கிடைக்காது.

பழுது பார்க்க நின்றால் ஒருவர் மட்டும் வேலை பார்க்கட்டும், ஒருவர் உதவட்டும். மற்றவர்கள் ஜாக்கெட் ஜிப்பை மேலே இழுத்துவிட்டு, பக்கத்து ஏற்றத்தில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கட்டும். சுற்றி நின்று யோசனை சொல்வதால் வேலை வேகமாக முடியாது.

டியூப் மாற்றும் முன்பு டயரின் உள்பக்கத்தைக் கையால் தடவி முள்ளை எடுங்கள். சேற்றோடு அவசரமாக மூடினால் அதே முள் புது டியூபையும் குத்தும்.

11. யாராவது நடுங்கினால், விழுந்தால்

நடுங்குவது உடம்பு தன்னைச் சூடாக்க முயல்வது. அந்த நிலையில் சாப்பிடக் கொடுத்து, உலர்ந்த உடை போட்டு, காருக்குக் குறுக்கு வழியில் கூட்டிப்போனால் சரியாகிவிடும். பேச்சு குழறினால், நடை தடுமாறினால், எரிந்து விழுந்தால், அல்லது அவ்வளவு குளிரிலும் நடுக்கம் நின்றுபோனால் நிலைமை மோசம். முதுகுப் பையின் மேல் உட்காரவைத்து வெள்ளிப் பைக்குள் விட்டு, 999 அழையுங்கள். கை காலைத் தேய்த்துவிடாதீர்கள், மது கொடுக்காதீர்கள்.

விழுந்தவரைப் பிடித்து இழுத்து எழுப்பாதீர்கள். கழுத்து வலிக்கிறதா, கை கால் அசைகிறதா என்று கேளுங்கள். ஒருவர் தடத்தின் மேலே போய், இறங்கி வருகிறவர்களை நிறுத்த வேண்டும். தலையில் அடிபட்டிருந்தால், “நான் நல்லா இருக்கேன்” என்று அவர் சொன்னாலும் அன்றைய சவாரியை அங்கேயே நிறுத்துங்கள். உதவி வரும்வரை விசிலை நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் விட்டு மறுபடி ஊதுங்கள். இங்கிலாந்து மலைகளில் அதுதான் அபாய அடையாளம்.

12. திரும்பியதும் முதலில் ஆள், பிறகு சைக்கிள்

கார் நிறுத்தத்தில் நின்று சைக்கிளைத் துடைக்கத் தொடங்குவது பெரிய தவறு. வந்த ஐந்து நிமிடத்துக்குள் உடம்பு சில்லிட்டுவிடும். முதலில் நனைந்த உடையை உள்ளாடை உட்பட மாற்றுங்கள், தலையில் கம்பளித் தொப்பி போடுங்கள், கையைக் கழுவுங்கள், அதன் பிறகு டீ. மாற்றுடையை ஒரே பையில், போடும் வரிசையில் அடுக்கி வைத்திருந்தால் மரத்த கைக்குச் சுலபம். நின்று மாற்ற ஒரு பிளாஸ்டிக் பாயோ பெரிய தொட்டியோ இருந்தால் நனைந்ததெல்லாம் அதற்குள்ளேயே போய்விடும்.

13. அன்றைக்கே கழுவுங்கள்

சேறு காய்ந்துவிட்டால் இரண்டு மடங்கு வேலை, பெயின்டும் கீறும். வீட்டுக்கு வந்ததும் சாதாரணக் குழாய்த் தண்ணீரை மேலிருந்து கீழே ஊற்றுங்கள். பிரஷர் வாஷர் இருந்தால் ஹப் (சக்கரத்தின் நடு), பாட்டம் பிராக்கெட் (பெடல் தண்டு சுழலும் இடம்), ஹெட்செட் (ஹேண்டில்பார் திரும்பும் இடம்), ஃபோர்க்கின் ரப்பர் சீல் பக்கம் கொண்டுபோகாதீர்கள். அந்த வேகத்தில் தண்ணீர் பேரிங்குக்குள் புகுந்து கிரீஸை வெளியேற்றிவிடும். சத்தம் சில வாரம் கழித்துத்தான் தெரியும்.

பிறகு சோப்பு நீரும் மென்மையான பிரஷ்ஷும். செயினுக்கு வேறு பிரஷ். அதே பிரஷ்ஷால் டிஸ்க்கைத் தொட்டால் எண்ணெய் ஏறிப் பிரேக் பிடிக்காது. செயினைத் துணியால் துடைத்து, முழுக்கக் காய்ந்த பிறகுதான் எண்ணெய் விட வேண்டும். ஈரத்தின் மேல் விட்டால் துரு உள்ளேயே இருக்கும். ஃபோர்க்கின் வழவழப்பான தண்டுகளைத் தனித் துணியால் துடையுங்கள். சீட் போஸ்டைக் கழற்றிச் சைக்கிளைக் கவிழ்த்தால் ஃபிரேமுக்குள் தேங்கிய தண்ணீர் வெளியே வரும். வரும் அளவைப் பார்த்துப் பலர் ஆச்சரியப்படுவார்கள்.

ஷூவுக்குள் பழைய செய்தித்தாளைத் திணித்து, ஒரு மணி நேரம் கழித்து ஈரத்தாளை எடுத்துப் புதிதாகத் திணியுங்கள். ஹீட்டர் மேல் வைத்தால் பசை விட்டுப்போகும். ஜாக்கெட்டைத் துணி மென்மையாக்கி ஊற்றித் துவைத்தால் தண்ணீர் விலக்கும் பூச்சு போய்விடும். அதற்கென்று இருக்கும் சோப்பைப் பயன்படுத்துங்கள்.

கடைசியாகச் சக்கரத்தைக் கழற்றிப் பேடை வெளிச்சத்தில் பாருங்கள். தேயும் பகுதி 1 மில்லிமீட்டர்தான் மிச்சம் என்றால் அன்றைக்கே புதுப் பேட் வாங்கச் சொல்லிவிடுங்கள். தீர்ந்துபோன டியூப், பிளக், லிங்க் எவை என்று குழுவில் எழுதி, எது யார் பொறுப்பு என்று முடிவுசெய்து அதே வாரத்தில் வாங்கிப் பைக்குள் திரும்ப வைத்துவிடுங்கள்.